சுவர்களின் நகரில் ஒரு வாசல்

ஒரு நாட்டின் தலைநகரைக் காணச் செல்பவர், பெரும்பாலும் அந்நாட்டின் அதிகாரத்தைக் கண்டு திரும்புகின்றார். அரண்மனை, கோட்டை, வெற்றித்தூண், தலைவர்களின் நினைவிடம் என்று வழிகாட்டி நூல்கள் காட்டும் வரிசை எந்த நாட்டிலும் பெரிதாக மாறுவதில்லை. மக்கள் எங்கே வாழ்ந்தார்கள், எவ்வாறு வணங்கினார்கள், எதை உண்டார்கள் என்று அறிய விரும்புவோர் அந்த வரிசையிலிருந்து சற்றே விலகி நடக்கவேண்டும். சீனத்தின் தலைநகராகிய பெய்ஜிங்கில் சில நாள்கள் தங்கியபோது இவ்விரண்டையும் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பழைய பாடநூல்கள் 'பீகிங்' என்று நமக்கு அறிமுகப்படுத்திய நகரம்தான் அது.

பெய்ஜிங் சுவர்களால் ஆன நகரம். வெளிநகரைச் சுற்றி ஒரு மதில்; உள்நகரைச் சுற்றி ஒரு மதில்; அதனுள் அரசநகரைச் சூழ்ந்த மதில்; அதற்கும் உள்ளே பேரரசன் வாழ்ந்த 'தடைசெய்யப்பட்ட நகர'த்தின் மதில். குடிமக்களின் இல்லங்களும் இந்த இலக்கணத்துக்கு விலக்கல்ல. நாற்புறமும் கட்டடம், நடுவே முற்றம், தெருப்பக்கம் வெறுஞ்சுவர், அதில் ஒரே ஒரு கதவு. நம் பக்கத்து முற்றம் வைத்த பழைய வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இந்நகரின் முதுகெலும்பு, தெற்கு வடக்காக 7.8 கிலோமீட்டர் நீளும் ஒரு நேர்கோடு. அரண்மனையும், ஆலயங்களும், சதுக்கமும், முரசு கோபுரமும், மணிக் கோபுரமும் இந்தக் கோட்டின்மீதோ அதன் இருமருங்கிலுமோ அமைந்துள்ளன. 2024-இல் யுனெஸ்கோ இந்த நடுக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கோட்டின் தென்முனையில் நிற்கும் யோங்திங் வாயில் 1957-இல் இடிக்கப்பட்டு, 2004-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. நாம் அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தோம்.

இந்நகருக்கு அடிகோலியவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். 1267-இல் அவர் இங்கே தம் புதிய தலைநகரை எழுப்பத் தொடங்கினார். அரண்மனைப் பணிகளை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் மேற்கு நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம். சீனப் பதிவுகள் அவரை யெஹெய்தியெர் என்று குறிப்பிடுகின்றன. அதே 1267-இல் ஜமாலுத்தீன் என்னும் வானியல் அறிஞர் ஏழு கருவிகளைக் குப்லாய்க்கு வழங்கினார். பூமியை உருண்டையாகக் காட்டும் கோளமும் அவற்றுள் ஒன்று. இந்நகரின் தொடக்க ஏடுகளிலேயே முஸ்லிம் பெயர்கள் இடம்பெற்றிருப்பதை அங்கு வரும் பயணிகளுள் பலர் அறிவதில்லை.

நடுக்கோட்டின் கிழக்கே முதலில் எதிர்ப்படுவது வானக் கோயில். 1420-இல் கட்டப்பட்ட இவ்வளாகம் அரண்மனையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புடையது. நல்விளைச்சல் வேண்டி வழிபடும் வட்ட மண்டபம் நீலநிற ஓடுகள் வேய்ந்த மூன்றடுக்குக் கூரையுடன் 38 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. 1889-இல் மின்னல் தாக்கி எரிந்த அதனை 1896-க்குள் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி முடித்தனர். உள்ளே 28 மரத்தூண்கள் உள்ளன. நடுவிலுள்ள நான்கும் பருவங்களையும், சூழ்ந்துள்ள பன்னிரண்டும் மாதங்களையும், வெளிவட்டத்துப் பன்னிரண்டும் ஒரு நாளின் பொழுதுகளையும் குறிக்கும் என்பர். தெற்கே வெண்சலவைக்கல்லாலான வட்ட மேடை ஒன்று இருக்கின்றது. அதற்குக் கூரையில்லை, அங்கே சிலையுமில்லை. குளிர்காலத்தின் மிக நீண்ட இரவை அடுத்து, மூன்று நாள் நோன்பிருந்த பேரரசர் இம்மேடையேறி, வானத்தின் பெயர் பொறித்த பலகையின் முன் மண்டியிடுவார். உலகில் வேறெவர் முன்பும் தலைதாழ்த்தாத ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை தலைதாழ்த்திய இடம் அது.

அந்தச் சடங்கைக் குடிமக்கள் கண்ணால் காணவும் உரிமையில்லை. ஊர்வலம் செல்லும் வழியில் வீட்டுச் சாளரங்கள் அடைக்கப்பட்டிருக்கும். 1918-இல் இவ்வளாகம் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று விடியற்காலையில் சென்றால் முதியோர் கூட்டங்கூட்டமாக உடற்பயிற்சி செய்வதையும், நீண்ட நடைமண்டபத்தின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து சீட்டாடுவதையும், இறகு கட்டிய பந்தைக் காலால் தட்டி விளையாடுவதையும் காணலாம். திருமண வயதில் பிள்ளைகளை வைத்துள்ள பெற்றோர் இங்குள்ள பூங்காக்களில் ஒன்றுகூடி, மகன் அல்லது மகளின் வயது, உயரம், படிப்பு, ஊதியம் ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பரப்பி வைத்து வரன் தேடுகின்றனர். நம் இல்லத்தரசியார் ஒரு தாளின் முன் நெடுநேரம் நின்றார். ஓர் எழுத்தும் புரியாவிட்டாலும், அதன் பின்னால் அமர்ந்திருந்த தாயின் முகம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டனர்.

வடக்கே மேலும் சென்றால் தியானன்மென் சதுக்கம் விரிகின்றது. 44 ஹெக்டேர் பரப்பு. அதனுள் மரமில்லை, நிழலுமில்லை. மேற்கே 1959-இல் எழுந்த மக்கள் பேரவை மண்டபம். நடுவே போரில் மாண்டவர்க்கான நினைவுத்தூண். தெற்கே மாவோவின் உடல் வைக்கப்பட்டுள்ள 1977-ஆம் ஆண்டுக் கட்டடம். வடக்கே, 1949 அக்டோபர் 1 அன்று மாவோ மக்கள் குடியரசை அறிவித்த வாயில்மாடம். சதுக்கத்துக்குள் நுழைய இப்போது முன்பதிவும் கடவுச்சீட்டும் வேண்டும். 1989 ஜூனில் இங்கே மாணவர்களும் தொழிலாளரும் நடத்திய கிளர்ச்சியைப் படையினர் துப்பாக்கியால் ஒடுக்கினர். சதுக்கத்தை நோக்கிய தெருக்களில் பலர் உயிரிழந்தனர். அவர்களுக்கென அங்கே ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. நினைவுச் சின்னங்கள் மிகுந்த அந்த வெளியில், இல்லாத அந்தக் கல்லையே நம் மனம் தேடிக்கொண்டிருந்தது.

வாயில்மாடத்தைக் கடந்தால் தடைசெய்யப்பட்ட நகரம். மிங் மரபின் யோங்லே பேரரசர் 1406-இல் தொடங்கி 1420-இல் முடித்த அரண்மனைத் தொகுதி இது. பரப்பு 72 ஹெக்டேர், மதிலின் உயரம் 10 மீட்டர், அகழியின் அகலம் 52 மீட்டர். மிங், சிங் ஆகிய இரு மரபுகளையும் சேர்ந்த 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டனர். கட்டி முடித்த மறு ஆண்டே, 1421-இல், மின்னலால் மூண்ட தீயில் முதன்மையான மூன்று மண்டபங்களும் எரிந்தன. வானத்தின் மைந்தன் என்று தம்மை அழைத்துக்கொண்ட பேரரசருக்கு வானத்திலிருந்தே வந்த எச்சரிக்கை என்று அவருடைய அரசவையினரே அஞ்சினராம்.

1912-இல் முடியாட்சி முடிந்தது. அதன் பின்னரும் அரண்மனையின் உட்பகுதியில் வசித்துவந்த கடைசிப் பேரரசர் பூ யி 1924-இல் வெளியேற்றப்பட்டார். 1925 அக்டோபர் 10 அன்று அரண்மனை அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகள் குடிமகன் நுழைந்தால் தண்டனைக்குரியதாக இருந்த முற்றத்தில் இன்று குழந்தைகள் குளிர்கட்டி இனிப்பைச் சுவைத்துக்கொண்டு ஓடுகின்றன. குடும்பத்துடன் செல்வோர் சில செய்திகளை நினைவிற்கொள்வது நலம். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். திங்கட்கிழமைகளில் பொதுவாக விடுமுறை. நுழைவது தென்வாயிலில், வெளியேறுவது வடக்கிலோ கிழக்கிலோ. வாயிற்படிகள் உயரமானவை; முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும்.

வடவாயிலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய குன்று அது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் கடலலைபோல் தெற்கே விரிகின்றன. இக்குன்றின் அடிவாரத்தில்தான் 1644-இல் மிங் மரபின் கடைசிப் பேரரசர் சோங்சென் தூக்கிட்டு மாண்டார். கிளர்ச்சிக்காரர்கள் நகருக்குள் புகுந்துவிட்டிருந்தனர். நான்கு மதில்களுக்கு நடுவே இருந்தவருக்குக் கடைசியில் உதவியது ஒரு மரக்கிளையே.

அதே ஆண்டில் நடந்த மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாதாலிங் என்னுமிடத்தில் நெடுஞ்சுவரின் ஒரு பகுதியை நாம் கண்டோம். பல காலங்களில் கட்டப்பட்ட சுவர்களையெல்லாம் சேர்த்து அதன் நீளம் 21,196 கிலோமீட்டர் என 2012-இல் அறிவித்தனர். மலைமுகடுகள்மீது அது வளைந்து செல்லும் காட்சியைக் கண்டு வியக்காதவர் இல்லை. வடபுலத்தாரைத் தடுப்பதற்காக மிங் அரசர்கள் அச்சுவரைக் கட்டினார்கள்; வடபுலத்திலிருந்து வந்த மஞ்சூரியரோ 1644-இல் அதனை இடித்துக்கொண்டு வரவில்லை. ஷான்ஹாய் கணவாயைக் காவல்புரிந்த தளபதி ஊ சங்குயி வாயிலைத் திறந்துவிட, அவர்கள் உள்ளே வந்தனர். சுவரின் வலிமை அதன் கதவைக் காப்பவனின் மனத்தில் இருக்கின்றது என்பதை அந்தக் கல்லும் சுண்ணாம்பும் நமக்கு உணர்த்தின.

பெய்ஜிங்கின் நகர மதில்களோ பகைவரால் வீழவில்லை. போக்குவரத்துக்கும் சுரங்க இரயிலுக்கும் வழிவேண்டி 1950-களிலும் 60-களிலும் அரசே அவற்றை இடித்தது. மதிலின் மேற்பரப்பை மக்கள் உலாவும் பூங்காவாக்கலாம் என்று வாதாடிய கட்டடக்கலை அறிஞர் லியாங் ஸிசெங்கின் சொல் எடுபடவில்லை. இன்று தென்கிழக்கு மூலையருகே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் எஞ்சியுள்ளது. அதனைச் செப்பனிட முற்பட்டபோது, இடிபாட்டிலிருந்து எடுத்துச்சென்று தம் வீடுகளில் பயன்படுத்தியிருந்த பழைய செங்கற்களை நகரமக்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாம் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தோம். இழந்தபின்னரே மதிப்பை உணர்வது மனித இயல்பு போலும்.

இதுவரை சொன்னவை யாவும் வழிகாட்டி நூல்களில் உள்ளவை. இனி நாம் விலகி நடந்த வழியைச் சொல்கின்றோம்.

நடுக்கோட்டிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் நியூஜியே என்றொரு தெரு இருக்கின்றது. 'மாட்டுத் தெரு' என்பது அதன் பொருள். நகரின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி அது. பழைய முற்றவீடுகள் 1990-களின் இறுதியிலிருந்து இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆயினும் இறைச்சிக் கடைகளின் முன்னே வரிசையும், எள் தூவிச் சுட்ட ரொட்டியின் மணமும், வெள்ளைத் தொப்பியணிந்த பெரியவர்களும் அது எவருடைய தெரு என்பதைச் சொல்லிவிடுகின்றன. கடைப் பலகைகளில் 'சிங்சென்' என்னும் இரண்டு சீன எழுத்துகள் தென்படும். தூய்மை, உண்மை என்பது அவற்றின் பொருள். ஹலால் என்பதற்கும், இஸ்லாத்துக்கு உரியது என்பதற்கும் அவர்கள் வழங்கும் சொல் அதுவே. நடுவில் கரிக்குழாய் நிற்கும் செப்புப் பானையில் நீர் கொதிக்க, தாள்போல் மெல்லியதாகச் சீவிய ஆட்டிறைச்சியை அதில் தோய்த்தெடுத்து, எள்ளுக் குழம்பில் தொட்டு உண்பது இங்கே புகழ்பெற்ற விருந்து. ஒரே பானையைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து உண்டபோது, ஒரு சஹனைச் சுற்றி அமரும் நம் வீட்டு விருந்துகளை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

அத்தெருவில்தான் பெய்ஜிங்கின் மிகப் பழைய பள்ளிவாசல் இருக்கின்றது. 996-இல் நிறுவப்பட்டதாக மரபுச் செய்தி கூறுகின்றது. 1442-இல் மிங் ஆட்சியில் புதுப்பிக்கப்பட்டு, 1696-இல் காங்ஸி பேரரசர் காலத்தில் விரிவாக்கப்பட்டது. முதன்முறை பார்ப்பவர் இதனைப் பள்ளிவாசல் என்று அறிந்துகொள்ளமாட்டார். குவிமாடமில்லை. வளைந்த ஓட்டுக் கூரை, சிவப்புத் தூண்கள், முகப்பில் வண்ணத் தோரணவாயில். அதன் பின்னே பிறை பார்ப்பதற்கென்று அறுகோண வடிவில் ஒரு மாடம். பாங்கு சொல்வதற்கான மாடமும் சீன மண்டபமாகவே நிற்கின்றது. ஆனால் தொழுகைக்கூடத்தினுள் பார்வை சென்றதும் ஐயம் அகன்றுவிடும். சிவப்பு அரக்குப் பூசிய தூண்களிலும் வளைவுகளிலும் பொன்னெழுத்தாக அரபு மொழி ஒளிர்கின்றது. மேற்கூரையில் பூவும் கொடியும் உண்டு. விலங்கின் உருவமோ மனிதனின் உருவமோ இல்லை. நகரமே தெற்கு நோக்கி நிற்க, இப்பள்ளி மட்டும் மேற்கு நோக்கி நிற்கின்றது. அங்கும் கிப்லா மேற்கே, நமக்கும் மேற்கே. ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து சென்றும் நிற்கும் திசை மாறவில்லை.

வளாகத்தின் ஒரு மூலையில், மரநிழலில், மேற்காசியாவிலிருந்து வந்த இரு பெரியார்களின் அடக்கத்தலங்கள் உள்ளன. ஒருவர் 1280-இலும் மற்றவர் 1283-இலும் மறைந்தவர்கள். குப்லாய் கானின் நகரம் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. கட்டிய பேரரசரின் அரண்மனை இருந்த சுவடு இன்று தெரியவில்லை. இவ்விருவரின் கற்களின் முன்னே இன்றும் ஸலாம் சொல்கின்றனர்.

தொழுகை முடிந்து வெளியே வந்த ஒரு முதியவரிடம் நாமும் ஸலாம் சொன்னோம். அவர் பதில் கூறி, நம் நாடு எதுவென்று சைகையால் வினவினார். 'இந்து' என்று சீனர் நம் நாட்டைக் குறிக்கும் சொல்லை ஒருவாறு உச்சரித்தோம். அவர் நம் கைகளைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. ஒரு சொல்லுக்கு அப்பால் எங்களிடையே மொழி ஏதுமில்லை. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

சீன முஸ்லிம்கள் தம் ஐவேளைத் தொழுகைகளையும் பாரசீகப் பெயர்களால் வழங்குவதும், தம் இமாமை 'ஆஹோங்' என்று அழைப்பதும் மார்க்கம் அவர்களை எவ்வழியாக அடைந்தது என்பதற்குச் சான்று. நாமோ ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் தமிழிலேயே சொல்லிக்கொண்டோம். இறைவனை வணங்கும் இடத்தை வாசல் என்று பெயரிட்டழைத்த நம் முன்னோரின் நெஞ்சம் எத்துணை விரிந்தது! சீனத்தில் பெண்களுக்கெனத் தனிப் பள்ளிகளும் பெண் ஆஹோங்குகளும் நெடுங்காலமாக உண்டு. காயல்பட்டினத்தின் பெண்கள் தைக்காக்களை அறிந்தவர்க்கு அதில் வியப்பிராது.

தொடர்பு இத்துடன் நின்றுவிடவில்லை. அரண்மனையை எழுப்பிய யோங்லே பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலில் அவருடைய கப்பல்கள் வந்தன. மிங் வரலாற்றில் காயல் துறையின் பெயரும் இடம்பெற்றுள்ளது. 1409 என ஆண்டு குறித்து அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனமொழிப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப்பகுதி தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகின்றது. தடைசெய்யப்பட்ட நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பேரரசரின் பெயரால், சீனத்தில் தமிழ் எழுத்து கல்லில் ஏறியது. அவரவர் மொழியில் அவரவர் வணக்கத்தைக் குறிப்பதில் அன்று எவருக்கும் குறையொன்றும் தோன்றவில்லை.

இன்றைய நிலையை மறைப்பது முறையாகாது. 2019-இல் பெய்ஜிங்கின் ஹலால் உணவகங்களில் அரபு எழுத்துகளையும் பிறைக்குறியையும் நீக்கும்படி அதிகாரிகள் பணித்தனர். சீனத்தின் பிற பகுதிகளில் பல பள்ளிவாசல்களின் குவிமாடங்களும் மினாராக்களும் அண்மை ஆண்டுகளில் அகற்றப்பட்டன. மதம் சீனத்தன்மை பெறவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். நியூஜியே பள்ளியின் முற்றத்தில் நின்று இதனை எண்ணியபோது நெஞ்சு கனத்தது. எவர் ஆணையுமின்றி, அந்நாட்டு முஸ்லிம்கள் தாமாகவே விரும்பிச் சூடிக்கொண்டது அந்தச் சீனக் கூரை. தானே விரும்பி அணிந்த ஆடையும், பிறர் வற்புறுத்தி உடுத்திய ஆடையும் ஒரே நிறமாயினும் ஒன்றாகிவிடுமா?

இவ்விடத்தில் நம்மையும் நாம் பார்த்துக்கொள்வது நல்லது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி திராவிடக் கட்டடக்கலையில், கற்றூண்கள் வரிசையிட எழுந்தது. அத்தகைய பழம்பள்ளிகளில் குவிமாடமில்லை என்பதைக் குறையாகக் கருதி, அவற்றை இடித்துச் சிமெண்டுக் குவிமாடம் எழுப்பவேண்டுமென்று நம் ஊர்களில் சிலர் முனைகின்றனர். குவிமாடம் சீனத்துக்கு ஆகாது என்று அங்கே ஓர் அதிகாரம் சொல்கின்றது. கற்றூண் இஸ்லாத்துக்கு ஆகாது என்று இங்கே ஓர் ஆர்வம் சொல்கின்றது. இறைநம்பிக்கை கூரையின் வடிவில் குடியிருக்கின்றது என்பதே இரு சாராரின் எண்ணமும். அங்கே அவர்களுக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமை குறுகிவிட்டது. நமக்கோ அது இன்னும் கையில் இருக்கின்றது. கையிலிருப்பதை நாமே இடித்துவிட்டால், பின்னொரு நாள் செங்கற்களைத் தேடித் திருப்பிக் கொடுப்பதற்கும் எவரும் இருக்கமாட்டார்கள்.

பெய்ஜிங் செல்லும் அன்பர்கள் அரண்மனையைக் காணட்டும். நெடுஞ்சுவரின்மேல் ஏறி நிற்கட்டும். அவற்றுக்கு ஒரு நாள் கொடுத்தால், மாட்டுத் தெருவுக்கு அரை நாளாவது கொடுக்கட்டும். ஊர் திரும்பியதும் தம் ஊர்ப் பழம்பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அதன் தூணையும் படியையும் காட்டி, அவற்றை எழுப்பியவர்களைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். அங்கே கண்டதன் பயன் இங்கே இவ்வாறு விளையுமாயின், அந்த நெடும்பயணத்துக்குச் செலவிட்ட பொருளும் பொழுதும் வீண்போகா.